நீங்கள் வராத டெர்மின்

அண்ணை,

இன்று காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்த ஓர் அம்மா தைலச் சிமிழைத் திறந்தா. மண்டபம் முழுக்க உங்கள் மணம். இங்கே வரச்சொல்லி நேரம் குறித்துத் தந்த டெர்மின் நாள்களில், காவலாளிக்கே கண் எரியுமளவுக்கு நெற்றியில் அப்பிக்கொண்டு வருவீர்களே, அதே மணம். நீங்கள் செத்துப்போனதை மறந்து திரும்பிப் பார்த்துவிட்டேன்.

என்னுடைய விசா இந்தக் கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்க எழுதிக் கொடுத்து எத்தனையோ மாதம், பதில் இல்லை. சட்டத்தைத் திருத்தியாயிற்று, இனி எல்லாம் கெதியாக நடக்கும் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். இங்கே வரிசை வாசலைத் தாண்டி ட்ராம் தரிப்பு வரை நிற்கிறது. உணவகத்து முதலாளி நல்லவன்தான். என் கறிக்காகப் பேர்லினில் இருந்து மந்திரிமார் வருகிறார்கள் என்று நான் சொன்னால் அவனும் மறுப்பதில்லை. ஆனால் நேற்றுச் சொல்லிவிட்டான், புதுத் தாள் இல்லாமல் திங்கட்கிழமை அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாதாம். வேலை போனால் விசாவும் போகும்.

நாங்கள் ஒரே அறையில் இருந்த காலத்தில் இந்தக் கதிரைகளுக்கு நான் பயந்ததில்லை. உங்கள் மனைவியை, அதுதான் அக்காவை, யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட நீங்கள் வருடக்கணக்காக இங்கே நடந்தீர்கள். நான்தான் மொழிபெயர்ப்பாளன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்றாலும், டுசல்டோர்ஃபில் என்னைப் போல டொச் பாஷை கதைக்க ஆள் இல்லை என்பது ரைன் ஆற்றுக்கே தெரியும்.

"மனைவி வந்தால் எங்கே இருப்பா?" என்று கேட்டா அதிகாரி அம்மா.

"என்னோடை" என்றீர்கள்.

நான் அதற்கு மாளிகை போல ஒரு வீடு கட்டினேன். பின்னால் தோட்டம் வைத்தேன். கோழியும் வளர்த்தேன். அவ பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தா.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டீர்கள். "டேய், நான் ஒரு சொல்லுத்தானே சொன்னனான். நீ என்னத்தை அவ்வளவு நேரம் கதைச்சனி?"

"டொச் நீளமான பாஷை அண்ணை."

"அப்ப ஏன்ரா செட்டை அடிச்சுக் காட்டினனி?"

"கோழிக்கூட்டுக்குச் சொல்லு வரேல்லை."

நீங்கள் சிரித்த சிரிப்பில் ட்ராம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

கடைசியில் அக்கா வந்த அன்று, விமான நிலையத்தில் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் கடந்து போனீர்கள். நான்தான் ஓடிப்போய் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

இன்று என் இலக்கம் வந்தது. உள்ளே இளம் பெண் ஒருத்தி. திரையைப் பார்த்துவிட்டு, "பரிசீலனையில் இருக்கிறது, காத்திருங்கள்" என்றாள். மந்திரிமார் கதையெல்லாம் கட்டி வைத்துக்கொண்டுதான் போனேன். வாய் வறண்டுவிட்டது. எனக்காகக் கதைக்க அங்கே யாரும் இல்லை.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதற்குப் பயம்?"

"திங்கட்கிழமைக்கு."

முதலாளி சொன்னதைச் சொன்னேன். அவள் ஒரு தற்காலிகத் தாள் அடித்துத் தந்தாள். குளிர்காலம் தொடங்கும் வரை வேலை செய்யலாம். "இது முடிவு இல்லை, விளங்குதா?" என்று இரண்டு தரம் சொன்னாள். விளங்கியது.

அக்கா வந்து, எல்லாம் சரியான பிறகும், தபால்காரன் படியேறும் சத்தம் கேட்டால், அலுவலகத்துக் கடிதமோ என்று நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவீர்கள். "இன்னும் ஆருக்கப்பா பயம்? நான்தான் வந்திட்டனே" என்று அக்கா பகிடி பண்ணுவா. காலடி மேல்மாடிக்குப் போகும் வரை நீங்கள் கோப்பையைத் தொடமாட்டீர்கள். பிறகுதான் குடிப்பீர்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினேன். படியில் யாரோ ஏறினார்கள்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன், அண்ணை.