நான்காவது ஆளுக்குக் கட்டணம் இல்லை

4ஆம் தேதி
(வீட்டு முகவரிக்கு)

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும்,

இங்கே நானும் உங்கள் சகலையும் சுகம். அங்கே நால்வரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. பெரியவளுக்குக் கடல் பார்க்க ஆசை என்றும், ஆனால் சுற்றுலா என்றாலே காசைக் கரியாக்குகிற வேலை என்றும் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன், இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்தொன்பது வருடமாகப் பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறவள் நான். காசைக் கரியாக்குகிறவர்களையும் பார்க்கிறேன், அதே ஊருக்குப் பாதிச் செலவில் போய் வருகிறவர்களையும் பார்க்கிறேன். யோசித்துப் போகிறவர்களுக்குச் செலவு குறைவு, அவ்வளவுதான்.

முதலில் நாள். வெள்ளி, சனி, ஞாயிறு பக்கமே போகக்கூடாது. செவ்வாய்க்கிழமை கட்டணம் எப்போதும் குறைவு. பதினைந்து நாளுக்கு முன்பே பதிவு செய்தால் இன்னும் குறையும். கடலூருக்கு 25ஆம் தேதி செவ்வாய் நன்றாக இருக்கிறது, எங்கள் நிலையத்தில் வண்டி மாறினால் போதும். அந்த வாரம் உங்கள் கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு, ஸ்டோர் கீப்பர் அசைய முடியாது என்று தெரியும். அதனால் தாயும் பிள்ளைகளும் மட்டும் போகட்டும். ஆண் துணையில்லாமல் பிள்ளைகளோடு போகும் தாய்க்குத் தனிச் சலுகை இருக்கிறது. ஆனால் அவள் அடையாள அட்டை அசலாகக் கையில் இருக்க வேண்டும். பெரியவளுக்கும் குட்டிக்கும் அரை டிக்கெட்தான். இதற்கும் பிறப்புச் சான்றிதழ் அசல் வேண்டும். நகலைக் காட்டினால் இந்தத் தடத்துக் கண்டக்டர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் முழுக் கட்டணம் கேட்பார்கள்.

போவதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். வார நடுவில் திரும்பும் வண்டிகள் காலியாகத்தான் வரும், கடைசி நேரத்தில் அங்கேயே மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கு ஒரு பை போதும், அவரவர் தூக்கக்கூடிய அளவில். பெட்டி என்றால் சுமைக் கட்டணம் வேறு. வழியில் சாப்பிட ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். நடுவழியில் வண்டி நிற்கிற கடையில் தண்ணீர்கூட வாங்கக்கூடாது, கொள்ளை விலை. கடலைப் பார்த்த அறை வேண்டாம், இரண்டு தெரு தள்ளினால் பாதி வாடகை. அடுப்பு உள்ள அறையாகச் சொல்லி வைக்கிறேன். கடலுக்கும் மணலுக்கும் யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

பெரியவளுக்கும் குட்டிக்கும் என் முத்தங்கள்.

அன்புடன்,
அக்கா

பி.கு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமாகப் போனால் நான்காவது ஆளுக்கு, பெரியவரே ஆனாலும், கட்டணமே கிடையாது. உங்களுக்கு லீவு கிடைக்காது, இருந்தாலும் இருக்கிற சலுகையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.


4ஆம் தேதி
(தையல் கூடத்து முகவரிக்கு)

அன்புள்ள சின்னு,

இதை உன் மேற்பார்வையாளரம்மா உன் கையில்தான் கொடுப்பார். அங்கேயே படி, மனதில் வாங்கிக்கொள், அங்கேயே கிழித்துப் போடு. வீட்டுக்கு எடுத்துப் போகாதே. உன் போனை உன் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் துருவித் துருவிப் பார்ப்பதால்தான் இந்தக் கடித வேலை.

வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். வழக்கம்போல அவரே பிரித்து, அவரே உரக்கப் படிப்பார். நீ ஆச்சரியமும் காட்டாதே, ஆசையும் காட்டாதே. நீ ஆசைப்பட்டது எதுவும் அந்த வீட்டில் நடந்ததில்லை என்று நீதானே சொன்னாய். முடிந்தால், இந்த வெயிலில் எதற்குக் கடல் என்று ஒரு தடவை முனகு.

அந்தக் கடிதத்தில் இருக்கிற யோசனை எல்லாம் நிஜமானவை. கவுன்டரில் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் உனக்கு அவை வேறு வேலை செய்யும். உன் அடையாள அட்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அவர் பீரோவில் இருக்கின்றன, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. கேட்டால் தரமாட்டார், திருடினால் அகப்படுவாய். அரை டிக்கெட் மிச்சமாகும் என்றால் அவரே பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுப்பார். அவரவர் தூக்கும் பை என்று எழுதியது, நீ ஓட வேண்டி வந்தால் ஓட முடிய வேண்டும் என்பதற்காக. திரும்ப டிக்கெட் எடுக்காதே என்று ஏன் சொன்னேன் என்பது உனக்கே புரியும்.

கடலூருக்குப் போகவேண்டியதில்லை. நம் நிலையத்தில் வண்டி மாறும்போது வேறு வண்டியில் ஏறப்போகிறாய். ஆறு மணி நேரப் பயணம். அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குச் சீருடை தைக்கிற இடத்தில் உனக்கு வேலை பேசியாகிவிட்டது. தங்குவதற்குப் பெண்கள் விடுதி, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். வார்டன் கண்டிப்பான அம்மா, வாசலில் எந்த ஆணையும் நிற்க விடமாட்டார். என் வீட்டுக்கு உன்னைக் கூட்டி வர முடியாது, அவர் முதலில் தேடி வருகிற இடம் அதுதான். இங்கே ஒரு வக்கீலம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தாய் தன் பிள்ளைகளோடு போவதில் சட்டப்படி தப்பில்லை என்றார். பிள்ளைகள் உன்னிடமே இருக்கும்படி அன்றைக்கே கோர்ட்டில் மனு போடுவார்.

வீட்டில் உன் மாமாவிடம் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. குடும்பம் என்றால் நாலும் இருக்கும், பிரித்து வைக்கிற பாவம் நமக்கு எதற்கு என்றார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவரிடம் ஒன்றுதான் சொன்னேன். போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது உன் இரண்டு விரலில் கட்டு இருந்தது, கதவில் மாட்டியது என்றாய். நானும் நம்பியதுபோலத் தலையாட்டினேன். உன் வீட்டுக்காரர் கடைக்குப் போயிருந்த நேரம் பெரியவள் என்னிடம் வந்து, “பெரியம்மா, இங்க சத்தமா பேசலாமா?” என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை அனுமதி கேட்டது அதற்கு. இதைச் சொன்னதும் உன் மாமா எழுந்து போய் முகம் கழுவினார். மறுநாள் டெப்போவில் பேசி, 25ஆம் தேதி அந்த ஊர் வண்டிக்குத் தன் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். உன்னை ஏற்றிக்கொண்டு போகப்போகிற டிரைவர் அவர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்தபோது, குடி இல்லை, வெட்டிச் செலவு இல்லை, கட்டுசெட்டான பையன் என்று முதலில் தலையாட்டியது நான்தான். நீ யோசிக்கணும் என்றாய். நான் உன்னை யோசிக்க விடவில்லை. பதினோரு வருடமாக அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

தைரியமாக இரு.

உன் அக்கா


16ஆம் தேதி
(தையல் கூடத்து முகவரிக்கு)

அன்புள்ள சின்னு,

மேற்பார்வையாளரம்மா போன் செய்து சொன்னார். உன் வீட்டுக்காரரும் வருகிறாராமே. கணக்கெடுப்பை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு, லீவு வாங்கி, நால்வருக்கும் டிக்கெட்டே எடுத்துவிட்டாராமே. நான்காவது ஆளுக்கு இலவசம் என்று அக்காவே எழுதியிருக்கிறாள், விடுவானேன் என்றாராம்.

என் வாயில் சனி. வாய்கூட இல்லை, கை. கவுன்டருக்கு வருகிறவர்களிடம் இருக்கிற சலுகை அத்தனையும் சொல்லிச் சொல்லி ஊறிப்போன கை. ஒன்றை விட்டுவிட்டால் அன்றைக்கு யாரையோ ஏமாற்றியதுபோல இருக்கும் எனக்கு. யாருக்கு எழுதுகிறேன் என்பதை மறந்து பி.கு. போட்டேன் பார், என்னை எதால் அடிப்பது? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

உன் மாமாதான் அந்தச் சலுகையின் விதியை ஞாபகப்படுத்தினார். நான்காவது ஆளின் பணத்தைப் பதிவு செய்யும்போது கட்டிவிட வேண்டும். பயணத்தன்று, வண்டி மாறுகிற நிலையத்தில், பணம் கட்டியவரே நேரில் வந்து, படிவம் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்காக எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், நானே அந்த விதியைத் திட்டியிருக்கிறேன். ஏழாம் எண் கவுன்டரில்தான் அந்தப் பணம் கொடுப்பார்கள். 25ஆம் தேதி அந்த நாற்காலியில் நான் இருப்பேன். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் முடிக்கிற வேலை. அன்று படிவத்தில் எழுத்து புரியாது, ஒரு நகல் குறையும், பெரிய அதிகாரி கையெழுத்துக்கு ஒரு தாள் உள்ளே போய்த் திரும்பும். பணத்தை வாங்காமல் அவர் அந்த ஜன்னலை விட்டு நகரமாட்டார்.

இப்போது நீ செய்யவேண்டியதைக் கவனமாகப் படி. உங்கள் வண்டி பத்து பத்துக்கு நான்காம் நடைமேடையில் வந்து நிற்கும். கடலூர் வண்டி ஐந்தாம் நடைமேடை, பத்து ஐம்பது. அதைக் கண்ணெடுத்தும் பார்க்க வேண்டாம். கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் பதினோராம் நடைமேடை இருக்கிறது. பத்து முப்பத்தைந்துக்கு அங்கிருந்து உன் மாமாவின் வண்டி புறப்படும். கவுன்டர் இருக்கிற இடத்திலிருந்து அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது. அவர் வரிசையில் நின்றதும் பிள்ளைகளுக்குக் கழிப்பறை போகணும் என்று சொல்லிவிட்டுப் போ. மெதுவாகவே நட. ஏறியதும் உன் போனை அணைத்து உன் மாமாவிடம் கொடுத்துவிடு.

சான்றிதழ்களைப் பற்றி உன் வீட்டுக்காரருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஏறும்போதே கண்டக்டர் கேட்பார், பிள்ளைகளோடு இருக்கிறவரிடம் இல்லையென்றால் முழுக் கட்டணத்தோடு அபராதமும் உண்டு என்று. அவற்றை உன் கையில் கொடுப்பார் என்றுதான் நினைக்கிறேன். கொடுக்காவிட்டாலும் ஏறிவிடு. காகிதம் திரும்ப வாங்கலாம் என்கிறார் வக்கீலம்மா.

எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். வரிசையில் நிற்கும்போது பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டார் என்றால்? சில நேரம் அப்படிச் செய்வார் என்று நீயே சொல்லியிருக்கிறாய், ஒரு பிள்ளை அவரிடம் இருந்தால் நீ எங்கும் போகமாட்டாய் என்று தெரிந்தே. அப்படி நடந்தால் ஏறாதே. ஒரு பிள்ளையை விட்டுவிட்டு ஏறுகிற வண்டி நமக்கு வேண்டாம். கடலூர் வண்டியில் ஏறி, கடலைப் பார்த்து, சிரித்த முகமாகத் திரும்பி வா. நான் வேறு வழி பார்க்கிறேன். பெரியவளிடம் முன்கூட்டி எதுவும் சொல்லாதே. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

நீ போனது தெரிந்ததும் அவர் கவுன்டரிலேயே என்மேல் பாய்வார். பாயட்டும். நடுவில் கண்ணாடி இருக்கிறது, வாசலில் காவலர் இருக்கிறார். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார், ஊர் முழுக்க என்னைக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்பார். நீ எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை. கொஞ்ச காலத்துக்கு நானும் உன்னைப் பார்க்க வரமாட்டேன், என் பின்னாலேயே அவர் வந்துவிடுவார். எத்தனை காலம் என்று வக்கீலம்மாவாலும் சொல்ல முடியவில்லை.

அதனால் அன்றைக்கு நீ நிலையத்து மண்டபத்தைக் கடக்கும்போது நான் உன்னைப் பார்க்கமாட்டேன், சின்னு. பார்த்தால் என் முகம் மாறும், என் முகம் மாறினால் அவர் திரும்பிப் பார்ப்பார். நீயும் என் ஜன்னல் பக்கம் திரும்பாதே. குட்டி என்னைப் பார்த்துவிட்டால் பெரியம்மா என்று கூப்பிடுவாள். அவள் வாயில் ஏதாவது தின்னக் கொடுத்து வை. படிவத்தைப் பார்த்தபடியே, பத்து முப்பத்தைந்துக்கு ஒலிபெருக்கியில் பதினோராம் நடைமேடை வண்டி புறப்படுவதாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ ஏறினாயா இல்லையா என்பது எனக்கு அப்போதும் தெரியாது.

யாரை வழியனுப்பினாலும் போய்விட்டு வா என்றுதான் சொல்வோம். வெறும் போ என்ற சொல்லை வாசலில் வைத்து யாரும் சொல்வதில்லை, நானும் இந்த வயதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

போ, சின்னு.

உன் அக்கா