சரஸ்வதி கையில் சாவி

2025 அக்டோபர் 2, வியாழன்

இன்று நடந்தது அத்தனையும் நான் முன்னமே சொன்னது. ஆடி மாதம் கோவில்பட்டிக் கடைக் காம்ப்ளக்ஸ் வாசலில் சங்கிலி கட்டி, பார்க்கிங்கைக் குத்தகைக்கு விட்ட அன்றே மச்சினன் பாலகணேஷிடம் சொன்னேன்: "ஏலே, ஒரு நா இவனுவ என் வண்டிக்கே பூட்டுப் போடுவானுவ, பாத்துக்கோ." போட்டார்கள். மஞ்சள் பூட்டு, முன் சக்கரத்தில். வண்டியில் கட்டின வாழைக்கன்று இன்னும் வாடவில்லை, அதற்குள் பூட்டு.

நாளை கேஸ் என்று வந்தால் வேண்டும். வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நேற்று ஆயுத பூஜை. ஆம்னி வேனைக் கழுவித் துடைத்து, எங்கள் ஊர் எப்போதும்வென்றானிலிருந்து கோவில்பட்டிக்கு ஓட்டிப் போனேன். பாலகணேஷின் ஜெராக்ஸ் கடை அந்தக் காம்ப்ளக்ஸ் மாடியில். வருஷா வருஷம் அவன் மிஷினுக்கும் என் வேனுக்கும் சேர்த்து ஒரே பூஜை. மிஷின் மேல் சரஸ்வதி படம், முன்னால் பொரி, சுண்டல், ஆர்.சி. புத்தகம், வேன் சாவி. கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டு எழுந்த பிறகுதான் உறைத்தது. வழக்கமாக மாற்றுச் சாவியைத்தான் பூஜையில் வைப்பேன். நேற்றுக் கைவேகத்தில் இரண்டையும் வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை பிரிக்காமல் தொடக் கூடாது. வேனை எதை வைத்து ஓட்டுவது? வேறு ஆளாக இருந்தால் பதறியிருப்பான். நான் இரண்டு வாய் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

போகும்போது வாசலில் டோக்கன் கிழிக்கிற வள்ளித்தாயிடம் விவரம் சொன்னேன். "சாமி காரியம்தான அண்ணாச்சி, ராத்திரி கெடந்துட்டுப் போட்டும். காசெல்லாம் வேண்டாம்" என்றாள். தெளிவாகச் சொன்னாள். கையைக்கூட ஆட்டினாள்.

இன்று காலை பூஜை பிரித்து, சாவி எடுத்து, இறங்கி வந்தால் பூட்டு. பக்கத்தில் குத்தகைக்காரன் இசக்கிராஜா.

"ராத்திரி தங்கலுக்கு ஐநூறு, பூட்டுத் திறக்க எரநூத்தம்பது அண்ணாச்சி."

"சாவி சரஸ்வதி கையில இருந்துச்சுவே. எப்படி எடுக்க?"

"இங்கன வண்டி நின்னா காசு. சரஸ்வதியே வந்து நிப்பாட்டுனாலும் காசு."

"அவிய அன்னத்துல வருவாவ. அன்னத்துக்கு எந்தச் சக்கரத்துல பூட்டுவீரு?"

சுற்றி நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். ஆனாலும் பூட்டு திறக்கவில்லை. குளத்தூரில் நான் கொண்டுபோக வேண்டிய விதை உளுந்துக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். எழுநூற்றைம்பதைக் கட்டி ரசீது வாங்கினேன். ரசீதின் பின்பக்கம் "கட்டாயத்தின் பேரில் கட்டியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் வகுப்புதான், ஆனால் அந்தக் காலத்து எட்டு. இந்தப் பணத்தை அவன் கையாலேயே திருப்பி வாங்காவிட்டால் சண்முகராஜ் என்கிற பேரையே மாற்றிக்கொள்கிறேன் என்று அங்கேயே சபதம் போட்டேன்.

வீட்டில் பொன்மணியிடம் சொன்னேன். "என்ன பேரு வச்சிக்கிடப் போறீய?" என்று கேட்டாள். நியாயம் எடுபடாத வீடு.

அக்டோபர் 3, வெள்ளி

டீக்கடையில் முழுக்கதையும் சொன்னேன். கூடி நின்றவர்கள் ஐம்பது பேர் என்று திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. நேற்றுக் கூட்டத்தின் பின்பக்கத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

காம்ப்ளக்ஸ் முதலாளிக்கு மனு. நான் சொல்லச் சொல்லப் பாலகணேஷ் கம்ப்யூட்டரில் அடித்தான்.

வாசலில் இருக்கிற போர்டில் மணிக்கணக்குக் காசு மட்டும்தான் போட்டிருக்கிறது. ராத்திரி தங்கல் என்று ஒரு வரி இல்லை, பூட்டுக்காசு என்று ஒரு எழுத்து இல்லை. போட்டோ எடுத்து இணைத்தாயிற்று. பாலகணேஷ், "அத்தான், இது ஒண்ணே போதுமே. அந்த வள்ளித்தாய் விஷயத்தை எதுக்கு இழுக்குதீய?" என்றான்.

"சாட்சி வேணும்லே. வாயால சொன்ன ஆளு உசுரோட இருக்கும்போது போட்டோவைக் கட்டிக்கிட்டு அழவா?"

அவன் அந்த வரியையும் டைப் அடித்தான். மிஷின்காரனுக்குச் சட்டம் தெரியாது.

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. கடைசி வரியில் நுகர்வோர் நீதிமன்றம் என்று ஒரு வார்த்தை போட்டேன். அது போதும், தானாகக் கூப்பிடுவார்கள்.

அக்டோபர் 11, சனி

ஜெயித்தாயிற்று.

முதலாளி அறையில் விசாரணை. நான், இசக்கிராஜா, பாலகணேஷ். நான் எழுந்து நின்று பேசினேன். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அதுவே பாதி வெற்றி. இசக்கிராஜா போர்டு பழசு, புதுசு வரப்போகுது என்று இழுத்தான். முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை. வள்ளித்தாயைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, காசு வேண்டாம், வண்டி நிக்கட்டும்னு இவியகிட்ட சொன்னியா?"

அவள் தரையைப் பார்த்தாள். இசக்கிராஜா, "வாயைத் தொறந்து சொல்லு" என்று அதட்டினான்.

"சொல்லிருப்பேன் மொதலாளி."

அவ்வளவுதான். வாசலில் இருக்கிற ஆள் சொன்னால் காம்ப்ளக்ஸ் சொன்ன மாதிரி என்று தீர்ப்பு. எழுநூற்றைம்பதும் இசக்கிராஜா கையிலிருந்து என் கைக்கு வந்தது. வெளியே வரும்போது வள்ளித்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்ன பார்வை என்று விளங்கவில்லை. வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

கடம்பூர் போளி இரண்டு பெட்டி. டீக்கடையில் எல்லோருக்கும். முதலாளி எழுந்து நின்று கை கொடுத்தார் என்று சொன்னேன். எழுந்ததுபோலத்தான் இருந்தது. சோலைமுத்து தன் மகன் வாங்கின பார்க்கிங் ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் யோசனை கேட்டான். மதுரை ரசீது. அதற்கும் வழி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

பாலகணேஷ் கடைக்குப் போனேன். வாசலில் வள்ளித்தாய் உட்காரும் நாற்காலியில் யாரோ மீசைக்காரர்.

"வள்ளித்தாயை நிப்பாட்டியாச்சு அத்தான்" என்றான் பாலகணேஷ். "யாரைக் கேட்டு ஓசியில வண்டி நிக்க விட்டன்னு இசக்கிராஜா வெளிய போகச் சொல்லிட்டான். தீவாளிக்கு அஞ்சு நாள் இருக்கு."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளே வந்தாள். ஆதார் அட்டை நகல் எடுக்க. தீப்பெட்டி ஆபிசில் குச்சி அடுக்குகிற வேலை கேட்கப் போகிறாளாம். என்னைப் பார்த்தும் திரும்பிப் போகவில்லை.

"தீப்பெட்டி ஆபிசு நல்ல வேலைதான தாயி" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"நல்ல வேலைதான் அண்ணாச்சி. எனக்குத்தான் அந்த மருந்து வாடை ஆகாது. மூச்சு இழுக்கும். அதுக்குத்தான் இந்த நாற்காலியைத் தேடி வந்தது. நீங்க செயிச்சிட்டீய, சந்தோஷம். நான் உங்ககிட்ட எப்ப சொன்னேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"பூஜை அன்னைக்கு... அலைச்சல்ல மறந்திருப்ப."

"மறந்திருப்பேனா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லா இல்ல. "நான் ஏன் 'சொல்லிருப்பேன்'னு சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நிக்காதீய."

இரண்டு ரூபாய் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். பாலகணேஷ் அந்தக் காசை எடுத்துக் கல்லாவில் போட்டான். கேட்டிருந்தா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். கேக்கல அவன். நான் என்ன செய்யட்டும்? நானா அவளை வேலையை விட்டு அனுப்பினேன்? நான் என் காசைக் கேட்டேன். என் காசு— சரி. ஆனா அவ மூச்சு?

அக்டோபர் 16, வியாழன்

டீக்கடைக்குப் போகவில்லை, மழை. மழை எங்கே என்று பொன்மணி கேட்கிறாள்.

அக்டோபர் 17, வெள்ளி

போனேன். முதலாளி மேஜை மேல் எழுநூற்றைம்பதையும் வைத்தேன். இசக்கிராஜாவையும் கூப்பிடச் சொன்னேன். அவன் முன்னால் சொன்னால்தான் செல்லும். வள்ளித்தாய் அப்படிச் சொல்லவில்லை, அந்தப் பேச்சு நானாகக் கட்டினது என்றேன்.

"பின்ன அவ ஏன் சொல்லிருப்பேன்னா?" என்று முதலாளி கேட்டார். சரியான கேள்வி.

"என் தொண்டைக்குப் பயந்துட்டா மொதலாளி. நான் சத்தம் போட்டா கயத்தாறு வரைக்கும் கேக்கும்லா. பொம்பளை, பயத்துல தலையை ஆட்டிட்டா."

முதலாளி நம்பினார். என் தொண்டையை நேரில் கேட்டவர்தானே.

இசக்கிராஜாவுக்கு வாயெல்லாம் பல். "என்ன அண்ணாச்சி, பேரு என்ன மாத்தியிருக்கீய? கெஜட்ல வந்துட்டா?" வராந்தாவில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆறு பேர். சரியாக ஆறு பேர், எண்ணினேன்.

மணிக்கணக்கில் பார்த்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும் என்று தங்கல் காசு ஐநூறு அவனுக்கு. பூட்டுக்காசு மட்டும் போர்டில் இல்லாததை வாங்கினது தப்பு என்று முதலாளியே எடுத்து என் பக்கம் தள்ளினார். கூட வந்திருந்த பாலகணேஷ், "அத்தான், போர்டைப் பத்தி நான் அடிச்ச வரிதான் நின்னுச்சு" என்றான். நான் சொல்லச் சொல்லத்தானே அடித்தான்!

அந்தப் பொம்பளையைத் திரும்பக் கூப்பிடு என்று முதலாளி இசக்கிராஜாவிடம் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வாசலில் புது போர்டு. ராத்திரி தங்கல் இவ்வளவு என்று பெரிதாக எழுதி, அடியில் ஆயுத பூஜை இரவுக்கு இலவசம் என்று ஒரு வரி. அந்த வரி யாரால் வந்தது என்று ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு இன்று சொல்லிவிட்டேன்.

நாற்காலியில் வள்ளித்தாய். டோக்கனைக் கிழித்து நீட்டினாள். "இருவது ரூவா அண்ணாச்சி." வாங்கிக்கொண்டு, "உங்க தொண்டைக்குப் பயந்தேனாமே" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.

இந்த நோட்டில் ஒரு இடம் சரியில்லை. அடிக்க மனசில்லை, கீழே எழுதுகிறேன்.

பூஜை அன்று சாயங்காலம் வள்ளித்தாய் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவள் அங்கே இல்லை. நாலு மணிக்கே, தன் தையல் மிஷினுக்குப் பூஜை போட, யாரிடமும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பாலகணேஷ் கடை ஜன்னலிலிருந்து நான்தான் பார்த்தேன். தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவள் மறுத்தால், நாற்காலியை விட்டுப் போனது வெளியே வரும். அவள் மறுக்க மாட்டாள் என்று தெரிந்துதான் மனுவில் அந்த வரியைப் போட்டேன்.

காலி நாற்காலியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன் என்று எழுத வந்தது. அதுவும் இல்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் போனேன்.