ரெண்டு ஸ்ட்ரோக் டாக்ஸி

தாராவி, பம்பாய்
8-10-1964

அன்பு அக்கா பார்வதியம்மாளுக்கும் அத்தானுக்கும் தம்பி பூலோகம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மகள், உங்கள் மருமகள் தங்கமயிலும் சுகம். மழை நின்றுவிட்டது.

உங்கள் மகன் நயினார் டாக்ஸி ஓட்டுவதை விட்டு முலுண்டில் கம்பெனி வேலைக்குப் போன சங்கதி தெரிந்திருக்கும். அவன் எழுதியிருந்தால் பாதிதான் எழுதியிருப்பான். முழுவதையும் நான் எழுதுகிறேன்.

கார் எஞ்சினில் பிஸ்டன் நாலு ஓட்டம் ஓடினால்தான் ஒரு வெடி. ஸ்கூட்டரில் ரெண்டு ஓட்டத்துக்கே ஒன்று. பாதி நேரம் சும்மா சுற்றுகிற எஞ்சினுக்கு எதற்குப் பெட்ரோல்? சீமை எஞ்சினியர் ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. நயினாரிடம் சொன்னேன். "ஓடுத வண்டிய எதுக்கு மாமா நோண்டுதிய, சேட்டு வண்டில்லா" என்றான். அவன் ஊருக்கு வந்து உங்களோடு இருந்த வாரத்தில் எஞ்சினைத் திறந்துவிட்டேன்.

வால்வுகளைத் திறக்கிற தண்டு பாதி வேகத்தில்தான் சுற்றும். லேபர் கேம்ப் லேத் பட்டறையில் புதுப் பல்சக்கரம் வெட்டி, அதை முழு வேகத்தில் சுற்றவிட்டேன். காற்றை உள்ளே தள்ள, கொல்லன் உலைக்கு ஊதுகிற விசிறியை பெல்ட் போட்டு மாட்டினேன்.

ஸ்டார்ட் ஆனது அக்கா. மாட்டுங்கா ஸ்டேஷனில் ரயிலையே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஏற்றத்தில் ஏரோப்ளேன் மாதிரி போனது. செம்பூரில் சூடு தாங்காமல் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. ரெண்டு மடங்கு வெடி, ரெண்டு மடங்கு சூடு. இரும்பு மட்டம், வேறொன்றுமில்லை.

வண்டிச் சேட்டு ஜஹாங்கீர் கோபப்படவில்லை. நயினார் வந்து இறங்கியதும் அவனிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நயினாரும் சத்தம் போடவில்லை. "தங்கமயிலுக்கு வேற இடம் பாருங்க மாமா. நான் எத வச்சாலும் நீங்க திறந்துதான் பாப்பிய" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தான். தங்கமயில் எனக்கு வேளாவேளைக்குச் சோறு வைக்கிறாள். பேச்சுதான் இல்லை.

போன திங்கட்கிழமை முலுண்டுக்குப் போனேன். முதலாளி எனக்குப் பழக்கம்தான். கேட்டில் கூர்க்கா எழுந்து நின்று நாற்காலி போட்டான். சாயந்திரம் வரை இருந்தேன். நயினாருக்கு வேலை அதிகம் போல, வெளியே வரவில்லை.

கல்யாணம் தையில் என்று நாம் பேசியதை மாற்றிவிடாதீர்கள். உங்கள் சொல்லுக்கு அவன் மறுபேச்சு பேசமாட்டான், அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள் அக்கா. வெற்றிலை பாக்கு மாற்ற அத்தான் வந்தால் போதும். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். பந்தலில் நான் ஓரமாக நிற்கிறேன். யாராவது கேட்டால்கூட வாயைத் திறக்கமாட்டேன்.

உங்கள் தம்பி
பூலோகம்