ஏழு மணிப் பாடு

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து வாடைக்காற்று. மழை இல்லை, துணியும் காயவில்லை.

செய்தவை: ரோஸுக்கு மாத்திரை (3), கஞ்சி, வலது கைக்கு எண்ணெய் தடவி நீவுதல், கேஸ் சிலிண்டர் பதிவு.
செய்யாதது: ஜெபம்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். மிஞ்சியிருப்பது ஒரே சொல்: 'போதும்'. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், ஜன்னலை மூடவும் அதுதான். கஞ்சி ஊட்டும்போது 'போதும்' என்றால் இன்னும் ஒரு கரண்டி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள். நான்கு நாளும் அரை வயிறாகக் கிடந்திருக்கிறாள். முப்பத்தொரு வருஷம் தமிழ் கற்பித்தவன் நான்.

மாலை 7, குடும்ப ஜெபம். இத்தனை வருஷமும் ஜெபம் அவள், 'ஆமென்' நான். இப்போது ஏழடித்ததும் என்னைப் பார்க்கிறாள். நான் காலண்டரைப் பார்க்கிறேன்.

12, புதன்

சபை வாட்ஸ்அப் குழுவில் ரோஸுக்காகப் பதினேழு ஜோடி கூப்பிய கைகள். ஒரு பிறந்தநாள் கேக், கை தவறியிருக்கலாம். ஜெபத்தில் மனதில் வருவதை அப்படியே பேசுங்கள் என்று போதகர் போனில் சொன்னார். அப்படிப் பேசினால் சபையைவிட்டு நீக்கிவிடுவார்.

பீரோ மேலிருந்து பழைய தியானப் புத்தகத்தை இறக்கினேன். எங்கள் கல்யாணத்தின்போது ரோஸ் கொண்டுவந்தது. எழுதியவர் எந்தக் காலத்தவரோ, ஒரு துறவி. மொழிபெயர்த்தவர் பெயரைக் கரையான் தின்றுவிட்டது. இதைப் பற்றி நான் அடித்த கேலிகளை அவள் மறந்திருக்க மாட்டாள். இப்போது சொல்லிக்காட்ட முடியாது.

யோசனை: தினம் ஒரு பக்கம் சத்தமாக வாசிப்பது. இரவல் ஜெபம்.

முதல் பக்கத்திலேயே, மௌனம்தான் சிறந்த ஜெபம் என்கிறார். ரோஸின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

14, வெள்ளி

மழை. ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரி போய்வந்தோம். பேச்சு திரும்புவதென்றால் இந்த மூன்று மாதம்தான் முக்கியமாம். வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கச் சொன்னார் டாக்டர். வீட்டில் பேசுகிறவளே அவள்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மா. 7. புத்தகம், டாக்டர் சொன்னதற்காக ஐந்து பக்கம். துறவிக்கு மடம், தோட்டம், மணியடிக்க ஓர் ஆள். படுக்கைவிரிப்பு மாற்றுவது பற்றி ஒரு வரி இல்லை. பாதியில் ரோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். 'போதும்' கூடத் தேவைப்படவில்லை.

15, சனி

மாலையில் முனியம்மா இறால் கொண்டுவந்தாள். பதினைந்து வருஷமாக ரோஸுக்கு மீன் கொடுக்கிறவள். இப்போது தினமும் அரைமணி நேரம் கட்டிலருகே உட்கார்ந்து ஏரிக் கதைகள் சொல்கிறாள்.

நான் வாசித்துக்கொண்டிருந்த இடம்: தன் பாட்டைப் பிறர் மேல் தள்ளக் கூடாது. புத்தகத்தில் பாடு என்றால் துன்பம். மீனவர் குப்பத்தில் பாடு என்றால் அவரவர் முறை. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு வைத்திருப்பார்கள்.

"நம்ம ஏரி சேதிலாம் உங்க புக்குல கீதா சாரு?" என்றாள் முனியம்மா. "கரெக்டாதான் எழுதிக்கிறான்."

அது வேறு பாடு, இது வேறு பாடு என்று இலக்கணத்தோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இத்தினி வருசம் அக்கா பாடு. இப்ப உன் பாடு வந்துக்கீது. நீ இன்னாடான்னா எவன் வலயவோ எட்த்தாந்து கட்டினுகீற."

மீன் படாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"படலன்னா படல. வலய கட்டாம ஊட்ல குந்தினு இருந்தாதான் தப்பு."

ரோஸ் சிரித்தாள். இடது பாதி முகத்தால். இருபத்தாறு நாளில் முதல் தடவை.

16, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. கோயில் ஆராதனைக்குப் போகவில்லை.

மா. 7. புத்தகம் பீரோ மேல். கட்டிலருகே உட்கார்ந்தேன். 'ஆண்டவரே' வரை வந்தது. பிறகு சொன்னவை, ஞாபகம் உள்ளவரை: கேஸ் நாளைக்கு வரும். எனக்குச் சமைக்க வரவில்லை. இவள் இப்படிக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. இவள் குரல் வேண்டும், என்னைத் திட்டவாவது. நான் கேலி பேசியதெல்லாம்...

அங்கேயே ஆமென் சொல்லிவிட்டேன். அது ஒன்றுதான் பழக்கம்.

ரோஸ் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்."

எழுந்தேன். கையை விடவில்லை.

"போதும்."

கஞ்சிக் கரண்டி ஞாபகம் வந்தது. மறுபடி உட்கார்ந்தேன். சொல்ல எதுவும் மிச்சமில்லை. 'ஆண்டவரே' என்றேன்.