ஆழத்துக்குக் கீழே தேங்காய்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அனல். அஸ்தம்பட்டி ஆபீசில் ஏசி ஓடவில்லை. எதிர்த்தரப்புக் கம்பெனியின் மென்பொருளைப் படம்படமாக அச்செடுத்து வழக்குக்கு அடுக்கும் வேலை.

ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிக்காரர்களின் கணக்குக்காக நான் வரைந்த திரை, அப்படியே அவர்களிடம். நிறம் மட்டும் பச்சை. பொத்தான்கள், வரிசை, எல்லாம் என்னுடையவை. என் தப்பு உட்பட. 'பூஜைத் தேங்காய்' செலவுக் கட்டம் 'ஆழம்' கட்டத்துக்குக் கீழே.

துளை போடும் முன்தான் தேங்காய் உடைப்பார்கள். நான் பார்க்கப் போன அன்று, திருச்செங்கோடு பக்கம் ஒரு தோட்டம், தேங்காயை மறந்துவிட்டார்கள். வாங்கி வருவதற்குள் கொஞ்சம் துளை இறக்கிவிட்டு, நிறுத்தி, உடைத்தார்கள். பார்த்த வரிசையிலேயே வரைந்தேன். வாங்கியவர்கள் குறை சொல்லவில்லை. தப்பு அப்படியே தங்கிவிட்டது.

வக்கீலுக்கு ஒரே குஷி. "தேங்காய் எல்லாருக்கும் பொதுன்னு வாதாடுவாங்க. தப்பான எடத்துல இருக்கற தேங்காயுமா பொது?" ஏன் அங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதியம் தயிர் சாதம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 5, புதன்

மனுவைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார்கள். திரையை வடிவமைத்தவர்: முதலாளியின் மகன். மறுபடி படித்தேன். அதேதான். அவன் அந்தத் தோட்டத்தை மிதித்ததுகூட இல்லை.

கேட்கும் முன் முதலாளியே சொன்னார்: "பையனுக்குப் பொண்ணு பாத்திருக்கறம் கண்ணு. இவனே செஞ்ச சாப்ட்வேருன்னு அவிங்க ஊட்டுல சொல்லீட்டம். உனக்கெதுக்கு கோர்ட்டு, கேசெல்லாம்? பொம்பளப் புள்ள."

அக்கறையாம். கூடவே ஒரு பொட்டலம் மிக்சர். குப்பையில் போட்டேன்.

வாங்க: சோப்பு, அம்மாவுக்குத் தைலம். குடை ரிப்பேர்.

மார்ச் 7, வெள்ளி

நேற்று எழுதவில்லை. வீட்டில் சொன்னேன். லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து வந்த அப்பா, கை கழுவிக்கொண்டே, "வேல போயிருச்சுன்னா என்ன பண்றது சாமி?" அவ்வளவுதான். தம்பி படிப்பு என் சம்பளத்தில்.

பஸ்ஸில் ஒரு அம்மா: "ஏனுங், இது ஆத்தூர் வண்டிங்களா?" கண்டக்டர்: "பேரப் பாத்து ஏறுங்க." பேர். அதுகூட இன்று எரிச்சல்.

மார்ச் 8, சனி

மேகமூட்டம். புழுக்கம். வக்கீல் ஆபீசுக்கு வந்தார். மகனுக்குக் குறுக்கு விசாரணை ஒத்திகை. நான் டீ கொடுக்க.

"தேங்காய் ஏன் தம்பி ஆழத்துக்குக் கீழ?"

"பாக்க நல்லா இருக்குன்னு போட்டேன் சார்."

"இதச் சொன்னா அன்னைக்கே கேசு போச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி, குரலில் சர்க்கரை: "ஏன்னு நம்ம தம்பிக்குச் சொல்லிக் குடு சாமி."

மகன் போனில் ரெக்கார்டு போட்டு என் வாய்க்கு நேரே நீட்டினான். டீ வாசம், அவன் செண்ட் வாசம்.

"கோர்ட்டுல சொல்றேனுங்க."

என் குரல்தான். வக்கீல் பேனாவை மூடினார். முதலாளி என்னிடம் இருந்த ஆபீஸ் சாவியைக் கேட்டார்.