மாணவர் எவரும் நிரப்பாத நூற்றெண்பது படிவங்கள்

அனுப்புநர்:
கு. அம்சவல்லி,
நூலகர், மலைவாழ் மாணவர் அறிவியல் நூலகம்,
மேல்தேக்கம்பட்டு, ஜவ்வாது மலை.

பெறுநர்:
திட்ட இயக்குநர்,
மலை நூலகங்களுக்கான இணைய வசதித் திட்டம்,
வேலூர்.

பொருள்: நடக்காத ஆய்வைச் சான்றாகக் கொண்டு எங்கள் நூலகத்துக்கு இணைய இணைப்பு மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 15.12.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மாணவர்களில் 91 சதவீதத்தினர் நூலகத்திலேயே மின்னிதழ்கள் படிப்பதாக ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்திருப்பதால், புதிய இணைப்பு தேவையில்லை என்று தங்கள் கடிதம் கூறுகிறது. இந்நூலகத்தில் இணையம் ஒருநாளும் இருந்ததில்லை. உள்ள ஒரே கணினியில் நூற்பட்டியல் மட்டுமே இருக்கிறது.

2. கட்டுரையாளர் திரு. புருஷோத்தமன், அடிவாரக் கல்லூரி ஒன்றின் நூலகர். சென்ற ஆண்டு பிப்ரவரி 20 அன்று வந்தார். புளி உலுக்கும் காலம்; பிள்ளைகள் அந்த வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு மாணவர்கூட வரவில்லை. மறுபடி வந்து பிள்ளைகளிடம் நிரப்பிக்கொள்வதாகச் சொல்லி, ஆய்வுக்கான 180 வெற்றுக் கேள்விப் படிவங்களில் நூலக முத்திரை கேட்டார். முத்திரையிட்டேன். எங்கள் நூலகத்தின் பெயர் அச்சில் வரும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அவர் மறுபடி வரவில்லை. மார்ச் இறுதியில் கட்டுரை வெளியானது.

3. தங்கள் கடிதம் கிடைத்தபின், இணைய வசதி உள்ள ஒடுகத்தூர் சென்று அந்தக் கட்டுரையைப் படித்தேன். அதே இதழில் அவருடைய வேறு இரண்டு கட்டுரைகளும் இருந்தன. நூலகங்களின் பெயர்கள் வேறு. அட்டவணையும் சதவீதமும் ஒன்றே. தொலைபேசியில் கேட்டேன். "இன்னாம்மா நீங்க, பதவி உயர்வுக்கு மூணு பேப்பர் காட்டணும், காட்டிட்டேன். அத்தப் போயி யாரு படிக்கப் போறாங்க?" என்றார். தங்கள் அலுவலகம் படித்திருக்கிறது.

4. முதுகலைத் தாவரவியல் இறுதியாண்டு மாணவி தமிழரசி, மலைச்செடிகள் பற்றிய ஆய்வேட்டுக்காக ஊரில் தங்கியிருக்கிறார். இணைப்பு வரும் என்று நான் சொன்னதை நம்பித்தான் தங்கினார். இப்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் பேருந்தில் ஒடுகத்தூர் போகிறார்; ஒரு பகல் போய்விடுகிறது. ஆய்வேட்டை மார்ச் 27-க்குள் ஒப்படைக்க வேண்டும். தங்கள் கடிதத்தைக் காட்டினேன். "அந்தத் தொண்ணூத்தொண்ணுல நானும் இருக்கேனாக்கா?" என்று கேட்டார். அதன்பின் நூலகத்துக்கு வரவில்லை.

எனவே, வேலைநாள் ஒன்றில் அலுவலர் ஒருவரை நேரில் அனுப்பி, மாணவர்களையே கேட்டறிந்து, இணைப்பை வழங்குமாறு வேண்டுகிறேன். வெற்றுப் படிவங்களில் முத்திரையிட்டது என் குற்றம். அதை ஒப்புக்கொண்ட கடிதத்தைத் தனி உறையில் வைத்துள்ளேன். இரண்டையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டாம். என் மீதான விசாரணை முடியட்டும் என்று இணைப்பு காத்திருக்கக் கூடாது.

இடம்: மேல்தேக்கம்பட்டு
நாள்: 7.1.2026

இங்ஙனம்,
(ஒப்பம்)
கு. அம்சவல்லி