இல்லாத குன்று

மார்ச் 4
சின்னவளுக்குச் சளி. வடக்குக் கரையின் வரைபடம் முடியும் தறுவாயில் இருக்கிறது. அவர் காட்டில் அளந்து அனுப்பும் உயரங்களை நான் இங்கே மேசையில் கோடுகளாக்குகிறேன். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு ஒழுங்காக அவர் எனக்கு எதையும் எழுதி அனுப்பியதில்லை. வெறும் எண்கள்தான். அதையும் ஆசையாகத்தான் பிரிக்கிறேன்.

மார்ச் 6
வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறாராம். மாமியார் அவர் போர்வையை இன்றே வெயிலில் போட்டாயிற்று.

மார்ச் 7
ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு குன்று. விமானத்திலிருந்து எடுத்த அளவு அப்படிச் சொல்கிறது. இரண்டு பக்கமும் அவர் தரையில் அளந்ததோ சமதளம். நடுவில் மட்டும் எப்படிப் புடைக்கும்? மர உச்சியைத் தரை என்று எடுத்துவிட்டதோ?

சொன்னால் அவர் தங்கி அளக்க வேண்டும். இந்தப் படகை விட்டால் மழைக்காலம் முடிந்துதான் அடுத்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது — எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை.

மார்ச் 8
மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10
போனில் பேசினார். "எல்லாரும் புருஷன் எப்ப வருவான்னு பார்ப்பாங்க. நீ வர்றவனையும் திருப்பி அனுப்புற." சிரித்தார். நானும் சிரித்தேன். வைத்த பிறகு — ஏன்டி சொன்னே? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? பக்கத்துல இருந்திருப்பாரே.

ஜூலை 19
மழை. போன் கிடைக்கவில்லை. தலையணையில் அவர் வாசனை போய்விட்டது.

செப்டம்பர் 2
படகு வந்தது. அவர் வரவில்லை, கூட இருந்த அளவையாளர் காய்ச்சலோடு வந்திருக்கிறார். மழையில் குன்றை அளக்கவே முடியவில்லையாம், இனி கோல் பிடிக்க அவர் இருந்தாலும் கருவி பார்க்க ஆள் இல்லை. "கருவி பார்க்கத் தெரிஞ்சவங்க வேற யாரு?" என்றார் மேலதிகாரி. சின்னவள் பிறக்கும்வரை நானும் காட்டில் அளந்தவள்தானே. கை தானாக உயர்ந்தது.

வீட்டில் பயந்துகொண்டே சொன்னேன். "போயிட்டு வா, சின்னவள நான் பாத்துக்கறேன். அவனை முதல்ல முடி வெட்டிக்கச் சொல்லு" என்றார் மாமியார்.

செப்டம்பர் 11
குன்று இல்லை. நெடுநெடுவென்று மரங்கள், அடியில் தட்டையான சேறு. படகு என்னை இந்தக் கரையில் இறக்கியது. அவர் முகாம் சேற்றுக்கு அந்தப் பக்கம். ஏற்கெனவே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருவியை நிறுத்தி அதன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன். இத்தனை மாதம் எண்ணாக வந்த மனிதர் முழுசாகத் தெரிந்தார், தாடியோடு.

"கோலை ஆட்டாதீங்க" என்று கத்தினேன்.

"நான் ஆட்டல. நீ கண்ணைத் தொடச்சுக்க."